நிர்வாகத் தயாரிப்பாளரும் நான் செய்த சக்கரமும்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவியில் ஒரு சக்கரம் சுற்றுமே, குடும்பம் குடும்பமாக வந்து இழுத்துவிட்டு, அது நிற்கிறவரை கையைக் கூப்பிக்கொண்டு நிற்பார்களே, அந்தச் சக்கரத்தைச் செய்தவன் நான். ஆள் உயரத்துக்கு மேலே ஒரு முழம் இருக்கும். நடுவில் இருப்பது புதுப்பேட்டையில் நானே பொறுக்கி எடுத்த லாரி பேரிங். ஒரு குழந்தை சுண்டு விரலால் தள்ளினாலும் வெண்ணெய் மாதிரி ஓடும். நிற்கும்போது டக், டக், டக் என்று ஒரு சத்தம் வருமே, அதைக் கேட்டுத்தான் வீட்டில் இருக்கிறவர்கள் நாற்காலி நுனிக்கு வருகிறார்கள். அந்தச் சத்தத்துக்காக எத்தனை தோல் துண்டு, எத்தனை பிளாஸ்டிக் துண்டு மாற்றி மாற்றிப் பார்த்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

ஆனால் நிகழ்ச்சி ஆரம்பிக்கும்போது திரை முழுக்க ஒரு பெரிய நடிகரின் பெயர் வரும். பின்னால் இடி இடிக்கிற சத்தம். பெயருக்குக் கீழே ‘நிர்வாகத் தயாரிப்பாளர்’ என்று போடுவார்கள்.

இந்தப் பதவி இப்போது ஊரில் காய்ச்சல் மாதிரி பரவிவிட்டது. சமையல் போட்டி என்றால் அடுப்பு எந்தப் பக்கம் என்று தெரியாத ஒரு நடிகை நிர்வாகத் தயாரிப்பாளர். புதிர்ப் போட்டி என்றால் கிரிக்கெட் ஆடி ஓய்ந்த ஒருவர். இந்த மாதிரி நிகழ்ச்சிகளுக்கெல்லாம் மேடை போட்டவன், படி கட்டியவன், விளக்கு மாட்டச் சட்டம் அடித்தவன் நான். இந்தப் பெரிய மனிதர்களில் ஒருவரைக்கூட ஈக்காட்டுத்தாங்கலில் என் பட்டறை வாசலில் பார்த்ததில்லை. அதனால் ஒரு நாள் சக்கர நிகழ்ச்சியின் மேனேஜரைக் கேட்டே விட்டேன். நல்ல பையன், எப்போதும் இரண்டு போனில் பேசுவான்.

“தம்பி, நிர்வாகத் தயாரிப்பாளர்னா இன்னா வேலை?”

“அது ஒரு மரியாத, நைனா.”

“மரியாத சரி. காலைல வந்து இன்னா பண்ணுவாரு?”

“வரமாட்டாரு.”

“சாயங்காலம்?”

“நைனா, கல்யாணப் பத்திரிகைல ‘தங்கள் வருகையை விரும்பும்’னு கீழ வரிசையா பேரு போடறாங்கல்ல? அவுங்களா வந்து எல போடறாங்க?”

“அவுங்க கல்யாணத்துக்காச்சும் வருவாங்களேடா!”

அவனுடைய இரண்டு போனும் ஒரே நேரத்தில் அடித்தன.

எனக்குப் பொறாமை என்று யாரும் நினைக்க வேண்டாம். பொறாமைப்பட எனக்கு என்ன குறை? மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு நமஸ்காரம் சொன்னவன் நான். மயிலாப்பூரில் ஒரு போர்டு எழுதுகிற கடையில் பிரஷ் கழுவினேன். அங்கே எழுத்து எனக்குப் படமாகத்தான் வந்தது. ‘ழ’ போடச் சொன்னால் கோலம் மாதிரிப் போடுவேன், என்ன வார்த்தை என்று அப்புறம் யாரையாவது கேட்டுக்கொள்வேன். அங்கிருந்து சினிமா செட்டுக்குப் போய் ஆணி பொறுக்கி, பிளைவுட் தூக்கி, மேஸ்திரி ஆகி, இன்றைக்குச் சொந்தப் பட்டறை. அடையாறில் நான் அலமாரி அடிக்காத அபார்ட்மென்ட் இருந்தால் காட்டுங்கள். மாதா கோயில் மணிச் சத்தம் கேட்கிற தூரத்தில் மாடி வீடு கட்டியிருக்கிறேன். என் கூடப் படித்து எம்.ஏ. வரை போனவன் என் மாடியில்தான் வாடகைக்கு இருக்கிறான். நல்லவன். தண்ணீர் மோட்டாரை மட்டும் நிறுத்த மறந்துவிடுவான்.

குறை எனக்கு இல்லை, என் வீட்டுக்காரிக்குத்தான். அவள் கான்வென்டில் படித்தவள். பள்ளிக்கூட ஆபீசில் டைப் அடித்து ரிட்டயர் ஆனவள். நிகழ்ச்சி முடிந்து கடைசியில் பெயர்கள் ஓடுமே, அது ஓடுகிற வேகத்துக்கு என்னால் படிக்க முடியாது. ஒரு பெயரைக் கூட்டிப் படிப்பதற்குள் பத்துப் பெயர் மேலே போய்விடும். அவள்தான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு டிவிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்காகப் படிப்பாள்.

“ஒப்பனை, அது யாரோ. உடைங்க, யாரோ. தி. நகர்ல ஒரு நகைக் கடைக்கு நன்றி. வண்டி ஓட்டினவர் பேரு கீது. டீ குடுத்தவர் பேரு கீது. அரங்க அமைப்பு...” இங்கே கொஞ்சம் நிறுத்துவாள். “வேற யாரோ.”

அந்த வேறு யாரோ படம் வரைந்து கொடுக்கிற ஆர்ட் டைரக்டர். அவரைத் தப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் இத்தனை வருஷத்தில் நான் அடித்த செட்டை எல்லாம் அவள் பார்த்துவிட்டாள், என் பெயரை ஒரு தடவைகூடப் படித்ததில்லை. சக்கர நிகழ்ச்சி ஆரம்பிக்கும் முன்னால் சொன்னாள்: “இந்தத் தடவையாச்சும் கேளுங்க. பட்டறைல சிங்கம் மாதிரி கத்துறீங்க. அங்க போனா வாயே தொறக்க மாட்டேங்குறீங்க.”

பூஜை அன்றைக்குத்தான் வாய் திறக்க வழி கிடைத்தது.

புது நிகழ்ச்சிக்குப் படப்பிடிப்புக்கு முந்தின நாள் பூஜை போடுவார்கள். தேங்காய், கற்பூரம், பூசணிக்காய் எல்லாம் உண்டு. நான் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போகிற வேதக்காரன்தான், ஆனாலும் எந்தச் சாமியின் சுண்டலையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அன்றைக்குப் போட்டோ எடுக்க வேண்டும் என்று நடிகரையே வரவழைத்திருந்தார்கள். வெள்ளை வேட்டி, நெற்றியில் குங்குமம், பின்னால் குடை பிடிக்க ஒரு ஆள். கூரைக்குக் கீழே எதற்குக் குடை என்று நான் கேட்கவில்லை.

கற்பூரம் காட்டி முடிந்ததும் முதல் சுற்று அவர் சுற்றட்டும் என்றார்கள். போட்டிக்கு வருகிறவர்கள் சக்கரத்துக்கு இடது பக்கம் நின்று கீழே இழுப்பது மாதிரி நான் மேடை போட்டிருந்தேன். அவரும் அங்கே நின்று இழுத்தார். சக்கரம் ஓடிற்று பாருங்கள், தேர் மாதிரி. எல்லோரும் கை தட்டினார்கள். அவர் மட்டும் முகம் வெளுத்து நின்றார்.

“நிறுத்துங்க. இது எந்தப் பக்கம் சுத்துது?”

குடை பிடித்த ஆள் ஓர் அடி பின்னால் போனான்.

“இடமா சுத்துது. கோயில்ல யாராவது இப்படிச் சுத்துவாங்களா? சாவு வீட்டுலதான் இப்படிச் சுத்துவாங்க. இதுக்கா என் பேரைப் போடறீங்க?”

அவர் சொன்னது அவர் கணக்குப்படி சரிதான். கோயிலை வலமாகத்தான் சுற்றுவார்கள், பிணத்தைத்தான் மறுபக்கம் சுற்றுவார்கள். கை தட்டினவர்கள் எல்லாம் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்கள். மேனேஜர் என்னை ஓரமாக இழுத்துப் போனான்.

“நைனா, மாத்திப் போட்டுரு.”

“எதை?”

“சுத்துறத.”

“டேய், சக்கரம் மட்டும் மாறினா போதுமா? ஆளுங்க நிக்கிற படி அந்தப் பக்கம் போவணும். அப்புறம் கேமரா, லைட்டு, கம்ப்யூட்டர் வெச்சிக்கிற மேஜை. மொத்த செட்டையும் கண்ணாடில பாக்குற மாதிரி திருப்பிப் போடணும். நாளைக்குக் காலைல ஷூட்டிங்.”

“அவரு வேணான்னு போய்ட்டாருன்னா ஷோவே கிடையாது, நைனா. நானும் கிடையாது, நீயும் கிடையாது.”

எனக்கு நெருக்கடி வந்தால் மூளை குதிரை மாதிரி ஓடும். கிண்டி ரேஸ் கோர்ஸில் அந்த மாதிரிக் குதிரை ஓடினதில்லை. நேராக நடிகரிடம் போனேன்.

“சார், ஒரு நிமிஷம் இப்படி வாங்க.”

“நீங்க யாரு?”

“சக்கரம் நான்தான் செஞ்சேன். வாங்க சார், பின்னாடி.”

செட்டின் பின்பக்கம் யாரும் வரமாட்டார்கள். கட்டையும் ஆணியும் ஒயருமாக இருக்கும். அங்கே பின்சுவரில், கரென்ட் பெட்டிக்கு மேலே, ஸ்டூடியோக்காரர்கள் பல வருஷமாக ஒரு பிள்ளையார் படம் மாட்டி வைத்திருக்கிறார்கள். மாலைகூட இருந்தது, போன வருஷத்து மாலை. நடிகரைப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் நிறுத்தி, முன்னால் நின்ற மேனேஜரைச் சக்கரத்தைச் சுற்றச் சொன்னேன்.

“இப்ப எந்தப் பக்கம் சுத்துது, சார்?”

அவர் விரலால் காற்றில் சுற்றிப் பார்த்தார். “வலமா...”

“முன்னாடி ஒக்காந்து பாக்குறவன் எல்லாம் யாரு? மனுஷன். பின்னாடி நின்னு பாக்குறவரு யாரு? அவரு பார்வைக்குச் சரியா கீதா இல்லியா?”

நடிகர் பிள்ளையாரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் ரத்தம் திரும்பி வந்ததை நான் கண்ணால் கண்டேன். என் தோளில் கை போட்டுக்கொண்டு முன்னால் வந்து, “எல்லாம் சரியாத்தான் இருக்கு” என்றார். ஒரு ஆணிகூட நகரவில்லை. எனக்குத் தெரிந்து அந்த நிகழ்ச்சிக்கு அந்த நிர்வாகத் தயாரிப்பாளர் செய்த மொத்த வேலை இதுதான். சுற்றாதே என்றார், அப்புறம் சுற்று என்றார்.

“பெரியவரே, என்ன வேணுமோ கேளுங்க” என்றார்.

“என் பேரு டிவில வரணும், சார். கடைசில ஓடுமே, அதுல வந்தாலும் சரி.”

“அவ்வளவுதானா? போடச் சொல்லிடறேன்.”

வீட்டுக்குப் போய் இதைச் சொன்னேன். சொன்னது தப்பில்லை. ஆனால் என் வீட்டுக்காரி அதை அன்பியத்தில் சொல்லிவிட்டாள். அன்பியம் என்றால் எங்கள் கோயிலில் நாலு தெருக்காரர்கள் சேர்ந்து வாரம் ஒரு வீட்டில் ஜெபம் சொல்கிற குழு. ஜெபம் கால் மணி, ஊர்க்கதை முக்கால் மணி. முதல் நிகழ்ச்சி வருகிற ஞாயிற்றுக்கிழமை அத்தனை பெண்களும் எங்கள் கூடத்தில். இவள் பட்டுப் புடவை கட்டி, எல்லோருக்கும் கேக்கும் காபியும் கொடுத்தாள். அன்றைக்கு மட்டும் என்னை ‘சார்’ என்று கூப்பிட்டாள்.

நிகழ்ச்சி நன்றாகத்தான் போயிற்று. சக்கரம் ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் பெண்கள் ஐயோ, மாதாவே என்று கத்தினார்கள். கடைசியில் பெயர் ஓட ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்துத் திரையைப் பாதியாக மடித்து, ஒரு பாதியில் அடுத்த சீரியலில் மாமியார் மருமகளை அறைகிற காட்சியைப் போட்டுவிட்டார்கள். மீதிப் பாதியில் பெயர்கள் எறும்பு மாதிரி ஏறிப் போயின. என் வீட்டுக்காரி கிட்டத்தட்ட டிவிக்குள் போய்விட்டாள்.

முடிந்தது.

“வந்துச்சாக்கா?” என்றாள் பக்கத்துத் தெருக்காரி.

“வரல.”

“வந்திருக்கும்க்கா. நான் அந்த மாமியார் கம்மலப் பாத்துக்கினு இருந்தேன், விட்டுட்டேன்.”

“வரலன்னு சொல்றேன்ல.”

“பரவால்லக்கா. கேக் நல்லா இருந்துச்சு.”

இந்தக் கடைசி வார்த்தைதான் அவளைக் கொன்றது. எல்லோரும் போன பிறகு என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பட்டுப் புடவையை மடித்து பீரோவில் வைத்துவிட்டு, “இனிமே அன்பியத்துக்கு நான் போகல” என்றாள். சொன்ன மாதிரியே அந்த வாரம் போகவில்லை. தலைவலி என்று சொல்லி அனுப்பினாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளுக்குத் தலைவலி வந்து நான் பார்த்ததில்லை. தலைவலி கொடுக்கிற ஜாதி அவள்.

மேனேஜரைப் பிடித்தேன். “யாரும் என்கிட்ட ஒண்ணும் சொல்லல, நைனா” என்றான். நேராகக் கொட்டிவாக்கத்தில் நடிகர் வீட்டுக்கே வண்டியை விட்டேன். வாட்ச்மேன் என்னை நிறுத்தினான். “சக்கரம் வந்துக்கிதுன்னு சொல்லு” என்றேன். என்ன புரிந்ததோ, உள்ளே விட்டுவிட்டார்கள்.

நடிகர் அரை டவுசரோடு நீச்சல் குளத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். அதுவும் வலமாக. நானும் கூடவே நடந்தேன்.

“பேரு போடலியா? நான் சொன்னேனே!”

“யார்கிட்ட சார் சொன்னீங்க?”

அவர் யோசித்தார். “பொதுவா சொன்னேன்.”

“நீங்கதானே சார் நிர்வாகத் தயாரிப்பாளர்? ஒரு போன் போட்டீங்கன்னா...”

அவர் நின்றுவிட்டார். அக்கம் பக்கம் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்: “பெரியவரே, உங்ககிட்ட உண்மையச் சொல்றேன். அந்த ஆபீஸ் எந்தத் தெருவுல இருக்குன்னே எனக்குத் தெரியாது. எங்க அம்மாவுக்கு நன்றின்னு ஒரு வரி போடச் சொன்னேன். அதையே போடல. அன்னிலேருந்து அம்மா என்கூடப் பேசறதில்ல.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊரே கும்பிடுகிற ஆள், என் கேஸ்தான் அவர் கேஸும். ஆனாலும் என் முன்னால் மேனேஜருக்குப் போன் போட்டார். மேனேஜர் “ஓகே சார், ஓகே சார், பண்ணிடலாம் சார்” என்று சொன்னது எனக்கே கேட்டது. அந்தக் குரலை வைத்தே தெரிந்துகொண்டேன், எதுவும் நடக்கப் போவதில்லை. இதே குரலில்தான் நான் அடையாறு கஸ்டமர்களிடம் “வர்ற வாரம் முடிச்சிடலாம் சார்” என்று சொல்லுவேன்.

திரும்பி வரும்போது திருவான்மியூர் சிக்னலில் எனக்கு முன்னால் ஒரு லாரி நின்றது. அதன் பின்பலகையில், ஓனர் பெயருக்குக் கீழே, பாடி கட்டினவன் தன் பெயரையும் ஊரையும் மஞ்சளில் எழுதியிருந்தான். எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. இந்த ஊரில் பந்தல் போடுகிறவன் பந்தலில் தன் பெயரைத் தொங்கவிடுகிறான். கோயிலுக்கு ஒரு டியூப்லைட் கொடுத்தவன் வெளிச்சமே வெளியே வராத அளவுக்கு அதன் மேல் தன் பெயரை எழுதுகிறான். கல்யாணத்துக்குக் கொடுக்கிற சொம்பில்கூடப் பெயர் வெட்டாமல் கொடுக்க மாட்டார்கள். நான் ஒருத்தன்தான் என் பெயரை எழுதச் சொல்லி யார் யாரையோ கெஞ்சிக்கொண்டு, குளத்தைச் சுற்றி நடந்துகொண்டிருக்கிறேன். போர்டு எழுதுகிற கடையில் வளர்ந்தவன்!

அடுத்த படப்பிடிப்புக்கு முன்னால் சக்கரத்துக்கு டச்சப் செய்ய வேண்டும் என்று சொல்லி ஸ்டூடியோவுக்குப் போனேன். நடுவில் பேரிங்கை மூடியிருக்கிற வட்டத் தட்டு, சோறு சாப்பிடுகிற தட்டு அளவு இருக்கும். சக்கரம் நிற்கும்போதெல்லாம் கேமரா அதன் மேல்தான் போய் நிற்கும், அது எனக்குத் தெரியும். அதில் தங்கக் கலரில் என் பெயரை எழுதினேன். நிழல் கொடுத்து, ஓரம் கட்டி, என் வாழ்நாளில் எழுதினதிலேயே அழகான எழுத்து.

மேனேஜர் வந்து பார்த்தான்.

“இன்னா நைனா இது?”

“பேரிங் கம்பெனி.”

“உன் பேரு மாதிரியே கீது?”

“நல்ல கம்பெனிடா.”

அவன் ஒரு போனை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டான். போன் அடிக்கவே இல்லை.

முன்னாடியே எடுத்து வைத்த நிகழ்ச்சியெல்லாம் ஓடி முடியும்வரை வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களைக் கேளுங்கள். என் பெயர் எழுதின பிறகு எடுத்தது வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். யாரையும் கூப்பிட வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். ஒரு குடும்பம் வந்தது, சக்கரத்தை இழுத்தது. டக், டக், டக். நின்றது. கேமரா கிட்டே போயிற்று.

எழுத்து தலைகீழாக நின்றது. சுற்றுகிற சாமானில் எழுதினால் எப்படி வேண்டுமானாலும் நிற்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் வீட்டுக்காரி கழுத்தை ஒடித்துத் தலையைச் சாய்த்து, சாய்த்து, கண்ணாடி நழுவுகிற அளவுக்குச் சாய்த்துப் படித்தாள். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, நான் படிக்கிற மாதிரி. அவசரம் இல்லை. வந்திருந்த குடும்பம் பரிசு கிடைத்த சந்தோஷத்தில் குதித்துக்கொண்டிருந்ததால் கேமரா அங்கேயே நின்றது. பிறகு அவள் போனை எடுத்துப் பக்கத்துத் தெருக்காரிக்குப் போட்டாள்.

“டிவியப் போடு. சக்கரத்துக்கு நடுவுல பாரு... ஆமா, தலைகீழாதான். உன் தலையத் திருப்பு.”

அந்த வாரம் அன்பியத்துக்குப் போனாள். அடுத்த வாரமும் போனாள்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைதான் இந்த வாழ்வு. சேனல் ஆபீசில் யாரோ பார்த்து, காசு கொடுக்காமல் எவனோ விளம்பரம் போட்டிருக்கிறான் என்று சத்தம் போட்டிருக்கிறார்கள். தட்டைக் கழற்ற நேரம் இல்லையோ என்னவோ, எடுத்து வைத்த நிகழ்ச்சிகளில் அந்த இடத்தில் மட்டும் சோப்பு நுரை தடவின மாதிரி மங்கலாக்கிவிட்டார்கள். சிகரெட்டையும் பாட்டிலையும் மறைக்கிற மாதிரி என் பெயரை மறைத்தார்கள். நான் இடிந்து போய் அவளைப் பார்த்தேன். அவள் சாவகாசமாக மிக்சர் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஏனென்றால் இப்போது ஊரே அந்த மங்கலைத்தான் பார்க்கிறது. இடி இடித்து வருகிற நடிகர் பெயரை ஒருவரும் படிப்பதில்லை. என் மாடியில் இருக்கிற எம்.ஏ. இறங்கி வந்து கேட்டான். பால் போடுகிறவர் கேட்டார். போன வாரம் எங்கள் வீட்டில் ஜெபம். ஜெபம் முடிந்து டிவி போட்டபோது, ஊருக்குப் புதிதாக வந்த ஒரு பெண், “நடுவுல ஏதோ மறைச்சிருக்காங்களே, அது என்னக்கா?” என்று கேட்டாள்.

என் வீட்டுக்காரி மிக்சர் கையாலேயே திரையைக் காட்டினாள்.

“அதுவா? அது எங்க வீட்டுக்காரர்.”